ஹோக்லிங்கன் ஏரியில் இறங்கிய விமானம்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் என்றதும், சென்னையில் அக்காலத்தில் வாழ்ந்தவர்களின் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 5-ஆம் தேதி கொழும்பின் மீதும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின் மீதும், 9-ஆம் தேதி திரிகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிவிட்டுப் போக, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கடலுக்குள் மூழ்கிவிட, அடுத்த குறி சென்னைதான் என்ற பீதியில் ஜனங்கள் பெட்டி படுக்கைகளோடு உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். சர்க்கார் காரியாலயங்கள் பலவும் அவர்களைத் தொடர்ந்தன. வங்காள விரிகுடாவில் ஜப்பானியரை எதிர்த்து நிற்கப் போதிய கப்பல்கள் பிரிட்டனிடம் இல்லாமற்போனதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, நம் கடற்கரைக்கு ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு அப்பால், நார்வே தேசத்தின் ஒரு குறுகிய கடற்கழியில், மலையோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்த ஒரே ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் பெயர் டிர்ப்பிட்ஸ்.

1914-இல் எம்டன் என்ற சிறிய கப்பல் தன்னந்தனியே வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்ற கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒற்றைக் கப்பல் எத்தகைய அச்சத்தை விளைவிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. டிர்ப்பிட்ஸோ எட்டுப் பதினைந்து அங்குலப் பீரங்கிகளைத் தாங்கிய மகா நௌகை. அது துறையை விட்டு வெளிவராமலே, வந்துவிடுமோ என்ற அச்சத்தினாலேயே, தன்னைப் போல நான்கு மடங்கு பிரிட்டிஷ் பெருங்கப்பல்களை வட கடலில் கட்டிப்போட்டிருந்தது. 1942 ஜனவரியில் சர்ச்சில் தம் படைத் தலைவர்களுக்கு எழுதிய குறிப்பில், அக்கப்பலை அழித்தாலும் முடமாக்கினாலும் உலகக் கடல்களின் நிலைமை முழுவதுமே மாறும் என்றும், பசிபிக் சமுத்திரத்தின் ஆதிக்கம் திரும்பக் கிடைக்கும் என்றும் எழுதினார். ஆகவே அந்த வருஷத்து வசந்தத்தில் நார்வேயை நோக்கிப் பறந்த ஒவ்வொரு குண்டுவீச்சு விமானமும், அதில் இருந்த இளைஞர்கள் அறிந்தோ அறியாமலோ, சென்னையின் விதியோடும் ஓர் அளவுக்குச் சம்பந்தப்பட்டிருந்தது என்றே நான் கருதுகிறேன். அவற்றில் ஒரு விமானம் இறங்கிய இடத்தைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆசைதான் என்னை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது.

பிரயாணத்துக்கு முன் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சில பகல்களைக் கழித்தேன். பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு பிரிவும் தன் அன்றாட நடவடிக்கைகளை எழுதிவைத்த பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. 540 என்ற எண்ணுள்ள படிவத்தில் நாளின் சுருக்கம். 541 என்ற படிவத்தில் விமானத்தின் எண், அதில் சென்றோர் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கண்டதும் செய்ததும். திரும்பி வந்தவர்களைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கும் எழுத்தர், திரும்பாதவர்களுக்கு ஒரு வரிக்குமேல் ஒதுக்குவதில்லை. ஒதுக்கவும் அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. எந்த விமானத்தைப் பற்றி நாம் அதிகம் அறிய விரும்புகிறோமோ அந்த விமானத்துக்கே ஏட்டில் இடம் மிகக் குறைவு என்பது இத்துறையில் ஆராய்வோர் எல்லாரும் சந்திக்கும் இடர். அதன் மீதிக் கதையை ஏட்டுக்கு வெளியேதான் தேடவேண்டும்.

காலக்கணக்கைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். பிரிட்டன் அந்த ஏப்ரல் 5-ஆம் தேதி முதல் தன் கடிகாரங்களைக் கிரீனிச் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகத் திருப்பி வைத்திருந்தது. ஜெர்மானியர் வசமிருந்த நார்வேயிலும் அதே நேரமே வழங்கியது. எனவே ஸ்காட்லாந்தில் புறப்பட்ட விமானியின் கைக்கடிகாரமும், அவனை நோக்கிச் சுட்ட ஜெர்மானியச் சிப்பாயின் கடிகாரமும், சத்தம் கேட்டு விழித்த குடியானவனின் சுவர்க் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டின. மூன்று தரப்பார் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது பேருதவி.

நார்வேயின் டிரான்ட்ஹைம் நகருக்கு நான் போய்ச் சேர்ந்தது கோடையின் நடுப்பகுதியில். இரவு பதினொரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் வற்றாத பருவம் அது. அந்நகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழன்பர் ஒருவர் வண்டியோட்டியாகவும் துபாஷியாகவும் உடன் வர முன்வந்திராவிட்டால், இந்தக் கட்டுரையில் பாதி எழுதப்பட்டிராது. ஈழத்துப் போரினால் இளமையிலேயே ஊரைப் பிரிந்து வந்து, நார்வேஜிய மொழியைத் தாய்மொழிக்குச் சமானமாகப் பேசக் கற்றவர் அவர்.

நகரிலிருந்து வடகிழக்காகச் செல்லும் நெடுஞ்சாலை, இருப்புப் பாதையைத் துணையாகக் கொண்டு, கடற்கழியின் கரையோடு வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் பார்லி வயல்களும் சிவப்புச் சாயம் பூசிய பெரிய களஞ்சியங்களும். மறுபக்கம் அசைவற்ற நீர். ஒரு மணி நேரத்துக்குள் ஃபெத்தன் ஃபியோர்டு என்ற இடத்தை அடைந்துவிடலாம். கடல் தரைக்குள் நீட்டிய விரல்களில் இது ஒரு சுண்டுவிரல், அவ்வளவு குறுகலானது. இருபுறமும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த செங்குத்தான மலைச் சரிவுகள். ஏறத்தாழ எண்ணூறு அடி நீளமுள்ள கப்பல் ஒன்று இதற்குள் வந்து நிற்கமுடியும் என்பதைப் படத்தில் பார்த்தவர்களும் நேரில் வரும்போது நம்பத் தயங்குவார்கள். அந்தக் கப்பலைக் கட்டிவைக்க ஜெர்மானியர் கரையில் எழுப்பிய கட்டுமானங்களின் சிதைவுகளைக் கண்டபோது எனக்கும் அந்தத் தயக்கம் நீங்கியது.

அங்கே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான், ஏட்டில் படித்த திட்டத்தின் பயங்கரம் எனக்கு விளங்கிற்று. கப்பல் மலைச் சரிவை ஒட்டி நின்றதால் மேலிருந்து நேராகக் குண்டு வீசி அதைப் பிளப்பது கடினம். அதன் மேல்தளக் கவசமோ அப்போது கைவசமிருந்த குண்டுகளுக்கு அசையாது. எனவே ஒரு விபரீத யோசனை செய்தார்கள். உருண்டை வடிவான, ஆயிரம் பவுண்டு எடையுள்ள கடற்கண்ணிகளை ஹாலிஃபாக்ஸ் விமானங்களில் நான்கு நான்காக ஏற்றி, சுமார் இருநூறு அடி உயரத்தில் கழிக்குள் பறந்து, கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட சரிவில் அவற்றைப் போடுவது. அவை உருண்டு நீருக்குள் விழுந்து, குறித்த ஆழத்தில் கப்பலின் கவசமில்லாத அடிவயிற்றுக்குக் கீழே வெடிப்பது. நான்கு எஞ்சின்களும் ஏறக்குறைய 99 அடிச் சிறகு விரிவும் கொண்ட ஒரு கனரக விமானத்தை, இரவில், இந்த இடுக்குக்குள், இரு கரைகளிலும் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, இருநூறு அடியில் ஓட்டச் சொன்னவர்களின் துணிவை விட, சரி என்று புறப்பட்டவர்களின் துணிவே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஏப்ரல் 27-ஆம் தேதி மாலை. சித்திரா பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள். அந்த நிலவை நம்பித்தான் நாள் குறித்தார்கள். ஸ்காட்லாந்தின் வட பகுதியிலுள்ள தளங்களிலிருந்து 31 ஹாலிஃபாக்ஸ் விமானங்களும் 12 லங்காஸ்டர்களும் கிளம்பின. உயரத்தில் பறந்து பீரங்கி மேடைகளின் கவனத்தை இழுப்பது ஒரு பகுதியினரின் வேலை. தாழப் பறந்து கண்ணிகளைப் போடுவது மற்றவர்களுடையது. கின்லாஸ் தளத்திலிருந்து புறப்பட்ட 35-ஆம் பிரிவின் விமானங்களில் ஒன்று டபிள்யூ 1048. விமானப்படை வழக்கில் 'எஸ் ஃபார் ஷுகர்'. அது லங்காஷயரில் கட்டப்பட்டுப் படைக்கு வந்த புத்தம் புதிய விமானம். ஓட்டியவர் கனடா நாட்டு இளைஞர் மக்கின்டயர்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஜெர்மானியர் கழி முழுவதையும் செயற்கைப் புகையால் நிரப்பியிருந்தனர். குறுகிய மலைப் பள்ளத்தில் புகை கலையாமல் தங்கிவிடும் என்பதை அந்த இடத்தில் நின்ற எவரும் சொல்லிவிடுவார்கள். கப்பல் கண்ணுக்குத் தெரியாத நிலையில், உத்தேசமாக அது இருக்கும் இடத்தின்மேல் கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. டிர்ப்பிட்ஸுக்கு அன்று ஒரு சேதமும் ஏற்படவில்லை. நான்கு ஹாலிஃபாக்ஸ்களும் ஒரு லங்காஸ்டரும் திரும்பவில்லை. மறுநாள் இரவும் வந்தார்கள். மேலும் இரண்டு ஹாலிஃபாக்ஸ்களை இழந்ததுதான் கண்ட பலன். முதல் இரவில் விழுந்தவற்றுள் ஒன்றில் 10-ஆம் பிரிவின் தளபதி டொனால்ட் பென்னெட்டும் இருந்தார். பாராசூட்டில் குதித்துப் பனியில் நடந்து ஸ்வீடனுக்குத் தப்பிய அவர், அதே ஆண்டு ஆகஸ்டில் வழிகாட்டி விமானப் படையை அமைத்தவராகச் சரித்திரத்தில் இடம் பெற்றார்.

மக்கின்டயரின் விமானத்தில் குண்டு பாய்ந்து வலது சிறகு தீப்பற்றியது. கிழக்கே ஸ்வீடன் எல்லை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரந்தான். சாதாரண நேரத்தில் பத்து நிமிஷப் பறப்பு. எரியும் சிறகோடு அத்தனை நிமிஷம் கிடைக்காது என்று அவர் கணித்திருக்க வேண்டும். தாழப் பறந்துகொண்டிருந்ததால் பாராசூட்டில் குதிப்பதற்குரிய உயரமும் இல்லை. நிலவொளியில் கீழே வெள்ளைத் தகடாக ஓர் ஏரி தெரிந்தது. சக்கரங்களை வெளியே இறக்கினால் அவை பனிக்கட்டியில் குத்தி விமானம் தலைகீழாகப் புரண்டுவிடும். ஆகவே சக்கரங்களை உள்ளேயே மடக்கி வைத்துக்கொண்டு, வயிற்றால் வழுக்கிச் செல்லும்படி இறக்கினார். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அந்த ஏரிதான் ஹோக்லிங்கன். ஃபெத்தன் ஃபியோர்டிலிருந்து வடக்கே, ஓசென் என்ற சிற்றூரைத் தாண்டி, சிறிது நேர வண்டிப் பயணம். கோடைக் காலத்தில் அதைப் பார்ப்பவர்களுக்கு, சுற்றிலும் மேய்ச்சல் நிலமும் தோப்புகளும் சூழ்ந்த சாந்தமான ஒரு நன்னீர் ஏரியாக மட்டுமே தோன்றும். ஆனால் கரையில் நின்று நீளத்தை அளந்து பார்த்த எனக்கு, வேறொன்று தெளிவாயிற்று. மலைகள் நெருங்கிய அந்தப் பிரதேசத்தில், தீப்பற்றிய ஒரு பெரிய விமானத்தை இறக்கத் தகுந்த சமதளம் இதைப் போல வேறு அதிகமில்லை. அதிர்ஷ்டம் என்று நூல்கள் எளிதாக எழுதிவிட்டுப் போகும் காரியத்தில் விமானியின் நிதானமும் கண்ணும் எவ்வளவு பங்கு வகித்தன என்பது இங்கே வந்தால்தான் புலப்படும்.

ஏரிக்கரைப் பண்ணை ஒன்றின் உரிமையாளர், வயது முதிர்ந்தவர், எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். விமானம் இறங்கியதைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். நண்பர் கேள்வியை மொழிபெயர்த்தார். பதில் வர வெகு நேரமாயிற்று. வந்த பதிலும் இரண்டொரு வாக்கியந்தான்.

"அண்ணை, இவர் சொல்லுறது என்னெண்டால், விமானத்தைப் பற்றி எல்லாரும் கதைச்சவையாம். ஆனால் அதிலை வந்த ஆக்கள் ஆற்றை வீட்டுப் பக்கம் போனவை, ஆர் வழி காட்டினது எண்டு சண்டை முடிஞ்சும் கனகாலம் ஒருத்தரும் வாய் திறக்கேல்லையாம்."

சற்று நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே நண்பர் தம் வார்த்தையாக ஒன்று சேர்த்தார்: "எங்கட ஊரிலையும் அப்பிடித்தான். ராத்திரி ஆர் வந்தது, ஆருக்குச் சோறு போட்டது எண்டு பிள்ளையளுக்குச் சொல்ல மாட்டினம்."

அந்த மௌனத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள அதே வாரத்தில் நார்வேயில் நடந்த மற்றொன்றை அறிந்திருக்க வேண்டும். விமானம் புறப்படுவதற்கு முந்தின நாள், ஏப்ரல் 26-ஆம் தேதி, பெர்கன் நகருக்கு மேற்கே டெலவோக் என்ற மீனவர் கிராமத்தில், ஒளிந்திருந்த எதிர்ப்பு இயக்கத்தாரைப் பிடிக்கச் சென்ற ஜெர்மானிய ரகசியப் போலீஸ் அதிகாரிகள் இருவர் சுடப்பட்டு இறந்தனர். நான்கு நாளில் பழி தீர்க்கப்பட்டது. கிராமத்து வீடுகள் அனைத்தும் இடிக்கப்பட்டன; படகுகள் அழிக்கப்பட்டன; 72 ஆண்கள் ஜெர்மனியின் சாக்சன்ஹௌசன் முகாமுக்கு அனுப்பப்பட்டு, அவர்களில் 31 பேர் அங்கேயே மாண்டனர். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஹோக்லிங்கன் ஏரியிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில், எக்னெ என்ற ஊரருகே ஃபால்ஸ்டா சிறைமுகாம் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது 34 நார்வேஜியரை அதை அடுத்த காட்டில் சுட்டுக் கொன்றார்கள். முகாமின் கட்டடம் இன்று நினைவில்லமாகவும் மனித உரிமைக் கல்விக்கூடமாகவும் இயங்குகிறது. அதன் காட்டுப் பாதையில் நடந்தபோது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அப்பேர்ப்பட்ட காலத்தில்தான், முகாமும் பீரங்கி மேடைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பனியிலிருந்து வந்து கதவைத் தட்டிய அந்நிய வீரர்களுக்கு இந்தக் குடியானவர்கள் உணவளித்துத் திசை காட்டினார்கள். கணுக்கால் முறிந்து நடக்க இயலாத விமானப் பொறியாளர் ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் போர்க்கைதியானார். மற்றவர்கள் அனைவரும், ஏப்ரல் இறுதியிலும் முழங்கால் புதையும் மலைப் பனியைக் கடந்து ஸ்வீடனை அடைந்து, பின்னர் பிரிட்டன் திரும்பினார்கள். விமானியின் பெயரையும் விமானத்தின் எண்ணையும் எத்தனையோ நூல்கள் அச்சிட்டிருக்கின்றன. கதவைத் திறந்தவர்களின் பெயர் அச்சேறுவது அபூர்வம். கியூவின் ஏட்டில் கிடைக்காத மீதிக் கதை இவர்களிடந்தான் இருந்தது என்பதை, இந்தப் பிரயாணம் எனக்குக் காட்டிய மிகப் பெரிய உண்மையாக நான் மதிக்கிறேன்.

பனிமேல் கிடந்த விமானம் சில மணி நேரத்துக்குப் பிறகு கட்டி பிளந்து நீருக்குள் இறங்கியது. சுமார் 90 அடி ஆழத்தில், உப்பில்லாத குளிர்ந்த நீரில், அது ஏறக்குறைய முப்பது வருஷம் கிடந்தது. உப்பு நீராக இருந்திருந்தால் அலுமினியத் தகடுகள் அரித்துப் போயிருக்கும். 1971-இல் நார்வேஜிய நீர்மூழ்குவோர் அதைக் கண்டார்கள். 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் மூழ்குவோர் வந்து, உள்ளூராரின் துணையோடு மிதவைகளைப் பிணைத்து மேலே கொணர்ந்தனர்.

டிர்ப்பிட்ஸின் முடிவையும் சொல்லிவிடவேண்டும். 1942-இன் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்ற பின், 1943 செப்டம்பரில் மிகச் சிறிய நீர்மூழ்கிகள் அதன் அடியில் வெடி வைத்து அதை முடமாக்கின; 1944 நவம்பர் 12-ஆம் தேதி, ட்ராம்ஸோ நகருக்கு அருகே, லங்காஸ்டர்கள் வீசிய 12,000 பவுண்டுக் குண்டுகளால் அது கவிழ்ந்தது. அதனுள் அகப்பட்டு மாண்டவர்கள் ஆயிரம் பேரை ஒட்டியவர்கள். அவர்களும் தாய் தந்தையரால் வளர்க்கப்பட்ட இளைஞர்களே. யுத்தத்துக்குப் பின் பல வருஷம் அந்தக் கப்பலை வெட்டி உருக்கு விற்றார்கள். அதன் கவசத் தகடுகளில் சிலவற்றை நார்வேயின் சாலை இலாகா, ரஸ்தா பழுது பார்க்கும்போது பள்ளங்களின்மேல் போடும் தற்காலிக மூடிகளாக வெகுகாலம் உபயோகித்தது.

ஆக, ஒரு காலத்தில் உலகக் கடல்களை நடுங்கவைத்த கப்பல் துண்டு துண்டாகிப் போயிற்று. அதைத் தொடக்கூட முடியாமல் போன விமானமோ எஞ்சி நிற்கிறது. லண்டனின் வட பகுதியான ஹெண்டனில் உள்ள விமானப்படைக் காட்சிச்சாலையில், 1980-களின் தொடக்கத்திலிருந்து அதை வைத்திருக்கிறார்கள். முதலில் புதுப்பிக்கும் வேலை சிறிது நடந்து, பின்னர் அதை நிறுத்திவிட்டு, ஏரியிலிருந்து எடுத்த கோலத்திலேயே விட்டுவிட்டார்கள். கட்டப்பட்ட ஹாலிஃபாக்ஸ்கள் மொத்தம் 6,176. முழு உருவில் உலகில் இன்று காணக் கிடைப்பவை மிகச் சில. நார்வேயின் மியோசா ஏரியில் 1945-இல் வீழ்ந்து, 1995-இல் மீட்கப்பட்ட மற்றொரு ஹாலிஃபாக்ஸைக் கனடா நாட்டார் டிரென்டனில் வருஷக்கணக்கில் உழைத்து, ஆலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த விமானம் எப்படிப் பறந்தது என்பதை அது காட்டுகிறது. ஆனால் யுத்தம் என்ன செய்யும் என்பதைக் காட்டுவது ஹெண்டனில் கிடப்பதே. நெளிந்த தகடுகளையும், கிழிந்த விளிம்புகளையும், அங்கங்கே வெளிறித் தெரியும் பழைய வர்ணத்தையும் ஒரு கைதேர்ந்த கொல்லன் ஒரே வருஷத்தில் மறைத்துவிடக்கூடும். மறைத்தபின் அந்தச் சாட்சியம் எந்த விலை கொடுத்தாலும் திரும்ப வராது. பழங் கல்வெட்டின் சிதைந்த எழுத்தைப் புது உளியால் திருத்தி எழுத நாம் சம்மதிக்க மாட்டோம் அல்லவா? அந்தக் காட்சிச்சாலையார் கையை நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

லண்டனுக்குச் செல்லும் தமிழன்பர்கள் மாளிகைகளையும் கடைவீதிகளையும் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், ஒரு பகலை ஹெண்டனுக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதாள ரயிலில் காலிண்டேல் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காட்சிச்சாலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.